முத்திரைக்கும் எடைச்சீட்டுக்கும் நடுவே

செம்பனைக் குலை ஏற்றிய லோரி எடைப்பாலத்தில் ஏறி நின்றதும், பக்கத்து அறைச் சுவரில் இருக்கும் எடைகாட்டி ஒரு வரியை அனுப்புகிறது. எஸ்டி, காற்புள்ளி, ஜிஎஸ், காற்புள்ளி, கூட்டல் குறி, ஆறு இலக்கத்தில் எடை, கடைசியில் கேஜி, அப்புறம் வரி முடிந்தது என்று சொல்ல இரண்டு எழுத்து. எழுத்துக்கு ஒரு பைட், மொத்தம் 17 பைட். எஸ்டி என்றால் எடை ஆடாமல் நின்றுவிட்டது. ஜிஎஸ் என்றால் லோரியோடு சேர்த்த எடை. 018460 என்று வந்தால் 18,460 கிலோ. பழத்தைக் கொட்டிவிட்டு லோரி வெறுமையாகத் திரும்பும்போது 007120 என்று இன்னொரு வரி. கழித்தால் 11,340 கிலோ. தோட்டம், ஏஜெண்ட், சிறு நிலக்காரர் என எல்லாருக்கும் அந்த எண்ணுக்குத்தான் பணம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் கணினி வேலைகளை அவ்வப்போது நான் பார்த்துக்கொடுக்கிறேன். பழைய எடைகாட்டி இடியில் போய்விட்டது. மாலையானால் இடி இடிக்கும் ஊர், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. புதிதாக வாங்கி மாட்டினார்கள். எடை சரியாக வந்தது, ஆய்வாளர் வந்து பார்த்து முத்திரையும் வைத்தார். ஆனால் சீட்டு அச்சடிக்கும் மென்பொருள் வாயைத் திறக்கவில்லை.

“தம்பி, தராசு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டருதான் எடுத்துக்க மாட்டேங்குது லா” என்று எடைப்பால அறையில் கணக்கு எழுதும் கிராணி அண்ணன் போன் செய்தார்.

கம்பியில் ஓடுவதைக் காட்டும் வயர்ஷார்க்கில் பிடித்துப் பார்த்தால் விஷயம் அற்பம். பழைய எடைகாட்டி அலகைப் பெரிய எழுத்தில் அனுப்பியிருக்கிறது, புதியது சின்ன எழுத்தில் அனுப்புகிறது. மென்பொருள் பெரிய எழுத்தை மட்டுமே ஒப்புக்கொள்ளும். எழுத்துக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய கே 75, சின்ன கே 107. பெரிய ஜி 71, சின்ன ஜி 103. இரண்டிலும் வித்தியாசம் 32, அதாவது எழுத்துக்கு ஒரு பிட். இரண்டே இரண்டு பிட்டுக்காக வாசலில் லோரிகள் வரிசை கட்டி நின்றன. பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் நீராவியில் வேகவைத்துவிட வேண்டும் என்பார்கள். தாமதமானால் பழத்தின் நொதி வேலையைத் தொடங்கி, எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறி, தரம் இறங்கும். அதனால் கிராணி அண்ணன் எடைகாட்டியின் திரையைப் பார்த்துக் கையால் எழுதி லோரிகளை விட்டுக்கொண்டிருந்தார்.

எடைகாட்டியின் மெனுவில் எழுத்தை மாற்றும் வசதி இல்லை. மென்பொருளை எழுதியவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். புதிய மென்பொருளுக்கு விலை கேட்டால் மேலிடத்து அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும். மிச்சம் இருந்த ஒரே இடம் நடுவில் ஓடும் கம்பி.

கம்பியில் ஓடுவதை வழியிலேயே திருத்துவது லினக்ஸில் புதிய சங்கதி இல்லை. ரஸ்டி ரஸ்ஸல் 1998-இல் தொடங்கிய நெட்ஃபில்டர், 2001-இல் வந்த 2.4 கெர்னலோடு (லினக்ஸின் உள்மையம்தான் கெர்னல்) ஐபிடேபிள்ஸாகப் பரவியது. அப்போதே ஐபி-கியூ என்று ஒரு வழி இருந்தது: விதிக்குப் பொருந்தும் பாக்கெட்டை, அதாவது கம்பியில் போகும் தகவல் பொட்டலத்தை, கெர்னல் பிடித்து நிறுத்தி, யூசர்ஸ்பேஸில் ஓடும் சாதாரண நிரல் ஒன்றிடம் கொடுத்து, “இதை என்ன செய்யட்டும்?” என்று கேட்கும். 2005-இல் 2.6.14 கெர்னலில் அதற்குப் பதிலாக என்எஃப்கியூ வந்தது. பழையதில் ஒரே வரிசைதான், புதியதில் 0 முதல் 65535 வரை எண்ணிட்ட வரிசைகள். 2014-இல் 3.13 கெர்னலோடு வந்த என்எஃப்டேபிள்ஸிலும் அதே வரிசைகள்தான். சூரிகாட்டா போன்ற ஊடுருவல் தடுப்பு மென்பொருள்கள் பாக்கெட்டை நிறுத்தி வைத்துப் பார்க்க இந்த வழியைப் பயன்படுத்துகின்றன. ஃப்ரீபிஎஸ்டி-காரர்கள் 1990களிலேயே டைவர்ட் சாக்கெட் வைத்து இதைச் செய்தார்கள். விண்டோஸில் விண்டைவர்ட் இருக்கிறது. அதை அலுவலகக் கணினியிலேயே போட்டிருக்கலாம், ஆனால் அந்தக் கணினி இன்னும் எக்ஸ்பியில் ஓடுகிறது, எக்ஸ்பியில் விண்டைவர்ட் ஓடாது. ஏன் இன்னும் எக்ஸ்பி என்று கேட்காதீர்கள். ஆலைகளுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே இரண்டு நெட்வொர்க் முனை உள்ள சின்ன லினக்ஸ் பெட்டி ஒன்றை எடைகாட்டிக்கும் கணினிக்கும் நடுவில் ரவுட்டராக வைத்தேன். இரண்டு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக ஒட்டும் பிரிட்ஜாக வைத்தால் முகவரி எதையும் மாற்ற வேண்டாம் என்று ஆசை வரும். ஆனால் பிரிட்ஜ் வழியாகப் போகும் பாக்கெட் சாதாரணமாக ஐபிடேபிள்ஸின் கண்ணில் படாது, அதற்கென்று தனி மாட்யூல் ஏற்ற வேண்டும். பின்னால் வருபவர் அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போகும். ரவுட்டர் என்றால் யார் பார்த்தாலும் புரியும்.

எடைகாட்டி பேசுவது யுடிபியில், இணைப்பு ஏற்படுத்தாமல் பாக்கெட்டைத் தனித்தனியாக வீசும் முறை. கெர்னல் பக்கம் ஒரே விதி. இந்த முகவரியிலிருந்து, இந்த யுடிபி போர்ட்டுக்குப் போகும் பாக்கெட் என்றால் 7-ஆம் வரிசைக்கு அனுப்பு. மற்றதெல்லாம் வழக்கம்போல் போகட்டும். 7-ஆம் வரிசையில் ஒரு பைத்தான் நிரல் உட்கார்ந்திருக்கும். பாக்கெட், கெர்னலும் நிரலும் பேசிக்கொள்ளும் நெட்லிங்க் சாக்கெட் வழியாக முழுதாக அதன் கைக்கு வரும். நிரல் தன் விதிக் கோப்பைப் பார்த்து, திருத்தி, தீர்ப்புச் சொல்லும்: விடு, அல்லது தடு. ‘விடு’ என்று சொல்லும்போது திருத்திய பாக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்தால், பழையதை எறிந்துவிட்டுப் புதியதைக் கெர்னல் அனுப்பும். மூல முகவரி மாறாது. எனக்கு முக்கியமாக வேண்டியிருந்தது அதுதான், ஏனென்றால் அந்த மென்பொருள் எடைகாட்டியின் முகவரியிலிருந்து வராத வரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இங்கே விஷயம் தெரிந்த ஒருவர் கையைத் தூக்குவார். இரண்டு பைட்டை, அதுவும் இடம் மாறாத பைட்டை மாற்ற யூசர்ஸ்பேஸ் எதற்கு? லினக்ஸின் டிசி கருவியில் இருக்கும் பெடிட் கெர்னலுக்குள்ளேயே அதைச் செய்யுமே? செய்யும்தான். மாற்றுவது மட்டுமே வேலை என்றால் அதுவே போதும். எனக்கு மாற்றுவதைவிட, மாற்றியதைச் சோதிப்பதும் எழுதி வைப்பதும் பெரிய வேலையாகப் பட்டது. அந்த வேலைக்கு யூசர்ஸ்பேஸ்தான் வசதி. காரணத்துக்குக் கீழே வருகிறேன்.

சில நடைமுறைச் சங்கதிகள், இதே வழியில் இறங்குபவர்களுக்கு.

பைட்டை மாற்றினால், பாக்கெட் வழியில் கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம்மையும் மாற்ற வேண்டும். கெர்னல் உங்களுக்காகக் கணக்குப் போடாது. மறந்தால் வரும் அறிகுறி வேடிக்கையானது. பாக்கெட் கணினிக்கு வந்து சேர்ந்ததை வயர்ஷார்க் காட்டும், மென்பொருளோ எதுவும் வரவில்லை என்று சாதிக்கும். இரண்டும் உண்மைதான், நடுவில் இயங்குதளம் சத்தமில்லாமல் எறிந்துவிட்டது. ஐபிவி4-இல் யுடிபி செக்சம் பூஜ்யம் என்றால் ‘கணக்கிடவில்லை’ என்று பொருள், அதனால் பூஜ்யம் போட்டுத் தப்பிக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. எடை ஏறி வரும் கம்பியில் இருக்கிற ஒரே சின்னக் காவலையும் நாமே எடுத்துவிடுவானேன்?

நீளம் மாறாத வரை வாழ்க்கை சுகம். ஒரு எழுத்து கூடினால் ஐபி தலைப்பில் நீளம், யுடிபி தலைப்பில் நீளம் என்று எல்லாவற்றையும் திருத்த வேண்டும். இணைப்பு வைத்துப் பேசும் டிசிபி என்றால் இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. நடுவில் ஒருவர் ஒரு பைட்டைச் செருகினால், அனுப்புபவரும் பெறுபவரும் வேறு வேறு கணக்கில் நிற்பார்கள். இணைப்பு முடியும் வரை இரண்டு பக்கமும் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு டிசிபியில் வரிக்கு எல்லை கிடையாது. எடையின் முதல் மூன்று இலக்கம் ஒரு பாக்கெட்டிலும் மீதி அடுத்ததிலும் வரலாம், அப்போது பாக்கெட்டைத் தனித்தனியாகப் பார்க்கும் விதிக்குக் கண் தெரியாது. எடைகாட்டி டிசிபியில் பேசியிருந்தால் நான் இந்த வழிக்கே வந்திருக்க மாட்டேன். இணைப்பை வாங்கி, வரியாகப் படித்து, மறுபக்கம் புது இணைப்பில் கொடுக்கும் ப்ராக்ஸி ஒன்றை எழுதியிருப்பேன். டிசிபி உள்ளடக்கத்தைப் பாக்கெட் மட்டத்தில் திருத்துகிறேன் என்று பெருமையாகக் கிளம்புபவர்களில் பலருக்குத் தேவை ஒரு ப்ராக்ஸிதான்.

வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. எடைகாட்டி நொடிக்குச் சில வரிகள்தான் அனுப்பும். ஒவ்வொரு பாக்கெட்டும் கெர்னலிலிருந்து யூசர்ஸ்பேஸுக்கு ஏறி இறங்குவது செலவுதான், ஆனால் இந்த அளவுக்கு அது தூசு. இதையே ஒரு பள்ளியின் 100 மெகாபிட் இணைப்பில் போட்டால் கதை வேறு. 1500 பைட் பாக்கெட்டாக நிரம்பி ஓடினாலே நொடிக்கு 8,000 பாக்கெட்டுக்கு மேல். பைத்தான் மூச்சு வாங்கும், வரிசை நிரம்பும், நிரம்பியதும் கெர்னல் எறியத் தொடங்கும். வரிசையின் வழக்கமான கொள்ளளவு 1,024 பாக்கெட்தான். பல வரிசைகளாகப் பிரித்துப் பல நிரல்களிடம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு இணைப்பின் முதல் சில பாக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு, அந்த இணைப்பில் குறி வைத்து மீதியைக் கெர்னலோடு போகவிடலாம்.

சரி, இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் வெட்டி, மத்தியானம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நிறுவைக்கு நிற்பார்கள். பாலின் எடை மட்டும் கணக்கில்லை, அதில் எவ்வளவு காய்ந்த ரப்பர் என்று பார்க்க கிராணி மெட்ரோலாக்கை முக்குவார். மிதந்து நிற்கும் கண்ணாடிக் குழாய், அதில் கோடுகள். கோட்டைப் படிப்பவர் கிராணி, எழுதுபவரும் கிராணி. வெட்டியவருக்குச் சொல்லப்படுவது எண் மட்டும். ஏமாற்றினார்கள் என்று அம்மா ஒருநாளும் அடித்துச் சொன்னதில்லை. “அவங்க எழுதுறதுதான் கணக்கு” என்பார். தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் நிறுவையைப் பற்றி ஒரு கதை இருக்கும். தராசு பொய் சொன்ன கதைகள் குறைவு. தராசுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நடந்தவைதான் அதிகம்.

1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டப்படி வியாபாரத்துக்குப் பயன்படும் எடைக்கருவியைச் சோதித்து முத்திரையிட வேண்டும். முத்திரை இருப்பது எடைகாட்டியில். எடைகாட்டியிலிருந்து கணினிக்குப் போகும் கம்பியில் எதுவும் இல்லை. அந்தக் கம்பியில்தான் என் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. 14-ஆம், 15-ஆம் பைட்டை மாற்றும் விதிக்கும், 8 முதல் 13 வரை இருக்கும் எடை இலக்கங்களை மாற்றும் விதிக்கும் நீளத்தில்கூட வித்தியாசம் இல்லை. பத்தின் இடத்தில் இருக்கும் 6-ஐ 4 ஆக்கினால் லோரிக்கு 20 கிலோ போய்விடும். பதினெட்டு டன்னில் 20 கிலோவை யார் கவனிப்பார்?

இது என் கற்பனை மட்டும் இல்லை. பெட்டி வந்த விஷயம் ஊரில் பரவியதும், பழம் வாங்கி விற்கும் ஏஜெண்ட் ஒருவர் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “அப்படியே ஒரு இருவது கிலோவையும் மாத்திவிடேன் தம்பி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்ட எண் சரியான எண். விளையாட்டுக்குச் சொல்பவர் நூறு கிலோ என்றிருப்பார்.

அதனால் விதிக் கோப்பை அலகைத் திருத்துவதற்காக எழுதியதைவிட, எடையைத் தொடாமல் இருப்பதற்காகத்தான் அதிகம் எழுதினேன். உள்ளே வரும் வரி சரியாக 17 பைட் இல்லையென்றால் தடு. எடை இருக்கும் ஆறு இடத்திலும் இலக்கம் அல்லாத எதுவும் இருந்தால் தடு. 14-ஆம், 15-ஆம் இடத்தில் சின்ன கேஜி இருந்தால் பெரிய கேஜி ஆக்கு, வேறு எது இருந்தாலும் தடு. கடைசியாக, அனுப்புவதற்கு முன் பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் வைத்து, அந்த இரண்டு பைட்டைத் தவிர எங்காவது ஒரு பிட் மாறியிருந்தாலும் தடு. பிறகு இரண்டு வரிகளையும் நேரத்தோடு பதிவுக் கோப்பில் எழுது. ‘எங்கே கண்டாலும் மாற்று’ என்று தேடி மாற்றும் வகை விதியை ஒதுக்கிவிட்டேன். எழுதச் சுலபம்தான், ஆனால் நாளைக்கு வரியில் லோரி எண்ணும் சேர்ந்து வந்தால் அது எங்கே கை வைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நிரல் செத்துப்போனால் என்ன நடக்க வேண்டும் என்பதில் ஈப்போவில் ஃபயர்வால் வேலை பார்க்கும் நண்பனோடு வாக்குவாதமே வந்தது. வரிசையைக் கேட்க ஆளில்லை என்றால், பாக்கெட்டைக் கெர்னல் எறிந்துவிடும். பைபாஸ் என்று விதியில் ஒரு சொல் சேர்த்தால் எறியாமல் அப்படியே விடும். அவன் தொழிலில் பைபாஸ்தான் புத்திசாலித்தனம், ஏனென்றால் சோதிக்கும் நிரல் விழுந்ததற்காக ஒரு நிறுவனத்தின் இணையமே நிற்கக்கூடாது. “நீ கம்பியை அறுத்து வெச்சிருக்க” என்றான். ஆமாம், தெரிந்தேதான். எங்கள் பெட்டி செத்தால் கணினித் திரையில் எடை வராது, கிராணி அண்ணன் எடைகாட்டியைப் பார்த்துக் கையால் எழுதுவார், எனக்குப் போன் வரும். சோதனை நடக்காத எடை சீட்டில் ஏறுவதைவிட எடையே வராமல் இருப்பது மேல். இந்த ஆலைக்கு மட்டும் சொல்கிறேன், பள்ளிக்கூட இணையத்துக்கு இதையே செய்தால் தலைமையாசிரியர் என்னை விடமாட்டார்.

மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். அனுமதியில்லாமல் கணினியில் உள்ளதை மாற்றுவது 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம், அனுமதி வாய்ச்சொல்லாக இருந்தால் பிறகு யாருக்கும் நினைவிருக்காது. விதிக் கோப்பைத் தமிழிலும் மலாயிலும் விளக்கத்தோடு அச்சடித்து எடைப்பால அறைச் சுவரில் ஒட்டினேன். ஒரு பக்கம்தான். ஒரு பக்கத்துக்குள் அடங்காத விதிக் கோப்பை அந்த இடத்தில் நான் வைக்கமாட்டேன்.

பதிவுக் கோப்பு ஒருமுறை நன்றாகவே உதவியது. எடைப்பாலத்துக்கு வெளியே லோரிக்காரர் பார்க்கும்படி சிவப்பு இலக்கத்தில் பெரிய பலகை ஒன்று இருக்கிறது. அது எடைகாட்டியிலிருந்து தனிக் கம்பியில் போகிறது, என் பெட்டியைத் தொடுவதில்லை. ஒரு லோரிக்காரர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையில் பார்த்ததைவிட 40 கிலோ குறைவு என்று சண்டைக்கு வந்தார். பெட்டியைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார். கிராணி அண்ணன் அந்த நேரத்துப் பதிவைத் திறந்து காட்டினார். முதலில் யுஎஸ் என்று தொடங்கும் வரிகள், அதாவது லோரி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் லோரிக்காரர் சொன்ன எண் இருந்தது. சில நொடி கழித்து எஸ்டி என்று வரி, அதில் சீட்டில் இருக்கும் எண். உள்ளே வந்ததும் வெளியே போனதும் பக்கத்தில் பக்கத்தில், இலக்கம் ஒன்றுபோல. லோரிக்காரர் தன் கைப்பேசியில் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு போனார். ஒத்துக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு இப்போது தெரியும், அடுத்த முறை லோரி நிற்கும் வரை பலகையைப் படிக்கமாட்டார்.

இதையெல்லாம் செய்து பார்க்க எடைப்பாலம் வேண்டாம். லினக்ஸ் மடிக்கணினி ஒன்றில் தனித்தனி நெட்வொர்க் உள்ள கணினிகள்போல் நடந்துகொள்ளும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் மூன்றை உண்டாக்கி, ஒன்றை எடைகாட்டியாகவும் ஒன்றைக் கணினியாகவும் நடுவில் இருப்பதை ரவுட்டராகவும் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் தயாரிக்கும் பைத்தான் கருவியான ஸ்கேப்பியில் அந்த 17 பைட் வரியை நீங்களே தயாரித்து அனுப்பலாம். முதலில் எதையும் மாற்றாமல், வரிசையில் வந்ததை அச்சிட்டுவிட்டு ‘விடு’ என்று மட்டும் சொல்லும் நிரலை எழுதுங்கள். பிறகு நிரலை நிறுத்திவிட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். பைபாஸ் சேர்த்தும் சேர்க்காமலும் பார்த்தால் மேலே நான் நண்பனோடு போட்ட சண்டை உங்களுக்கே புரியும். மற்றவர்கள் நெட்வொர்க் ஓட்டத்தில் கை வைக்கிற எண்ணம் மட்டும் வேண்டாம். சைபர் கஃபேயும் மற்றவர்கள் ஓட்டம்தான்.

ஒருவழியாகப் புதிய மென்பொருளுக்கு மேலிடத்து அனுமதி வந்துவிட்டது. விற்பவர் வந்து திரையில் வண்ண வண்ணமாக அறிக்கைகளைக் காட்டினார், சின்ன கேஜியையும் பெரிய கேஜியையும் அது ஏற்குமாம். எடைகாட்டியிலிருந்து கணினி வரை வரி மறைகுறியாக்கத்தோடு வருமா, நடுவில் யாராவது மாற்றினால் தெரியுமா என்று கேட்டேன்.

“லோக்கல் நெட்வொர்க்தானே சார், நடுவுல யாரு வரப்போறா?” என்றார்.

கிராணி அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.